ஊதாச் செம்பருத்தி

பல வருடங்கள் மகரந்தம் தடவித் தடவி, ஏசுவடியான் ஊதாநிறச் செம்பருத்தி ஒன்றை உருவாக்கினார். தேறியது ஒரே செடி. அதன் கொப்புகளை வெட்டி வேர்பிடிக்க வைத்துத்தான் ஊர் முழுக்க விற்றார். இந்த மழையில் தாய்ச்செடி வேரழுகிச் செத்தது. அதன்பின் விற்ற கன்றுகளும் வீட்டுக்கு வீடு வாடத் தொடங்கின.

மரகதம் ஆளனுப்பி அவரை அழைத்தாள். அவள் வாசலிலும் செடி தலைதொங்கி நின்றது.

"எம்மவன் குளத்துல மூழ்கிச் சாகுறதுக்கு முந்தின நாள் அவன் கையால நட்டது, அண்ணாச்சி. நாந்தான் தண்ணி கூடுதலா ஊத்திட்டனா?"

"இல்லம்மா. நான் குடுக்கும்போதே இதுக்குள்ள நோய் இருந்திருக்கு. எனக்குத் தெரியல."

அவள் செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இதுலயே ஒரு கொப்ப வெட்டி வச்சுக் குடுங்க."

"அதுக்குள்ளயும் அந்த நோய் இருக்கும்மா. அதுவும் செத்துரும்."

"எவ்வளவு நாள் இருக்கும்?"

"அடுத்த மழை வரைக்கும் இருந்தா பெருசு."

மரகதம் உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

ஏசுவடியான் குனிந்து, இன்னும் பச்சை இருக்கும் கொப்பைத் தேடினார்.