கீரைத் தொட்டியில் மிச்ச டீ

மாலைக் கீரையைத் தின்ற சற்று நேரத்தில் மகள் ஷைனி வியர்த்து நடுங்கினாள். டீ குடித்துக்கொண்டிருந்த அருள்தாஸ் தம்ளரும் கையுமாக ஓடிவந்தார்.

அவளுக்கான இன்சுலினை பால்கனிக் கீரையின் பசுங்கணிகங்கள்தான் செய்தன. கீரையில் அதற்கென்று சேர்த்த ஆர்.என்.ஏ.வின் முன்பகுதி புரதமாக மாறாது. பூட்டாக மட்டும் நிற்கும். தெளிக்கும் சாவிமருந்து எவ்வளவு படுகிறதோ, அவ்வளவுதான் பூட்டு திறந்து இன்சுலின் ஊறும்.

"தொட்டியில என்னங்க ஊத்துனீங்க?" என்றாள் மனைவி ஜெசிந்தா.

"மிச்ச டீதான். ரோஜாவுக்கு ஊத்துற மாதிரி..."

"ஐயோ, அந்தச் சாவிமருந்து டீயிலயும் இருக்குங்க! கீரையில இன்சுலின் எக்கச்சக்கமா ஊறி, இவளுக்குச் சர்க்கரை இறங்கிடுச்சு."

அவர் கையிலிருந்த டீயைப் பிடுங்கி, சர்க்கரையை அள்ளிக் கொட்டி மகளுக்குப் புகட்டினாள். நடுக்கம் மெல்ல அடங்கியது.

"பாயசமாம்மா இது?" என்று ஷைனி முகம் சுளித்தாள்.

மிச்சத்தோடு தம்ளரை வாங்கிய அருள்தாசின் கால்கள் தாமாகப் பால்கனிக்குத் திரும்பின. சட்டென நின்று, அந்தத் தித்திப்பைத் தானே குடித்து முடித்தார்.