சார்ல்ஸ்டன் துறையில் ஒரு படகு

போட்ட நங்கூரம் இன்னும் தரை தட்டவில்லை, அதற்குள் காவலன் ஹார்பின் எங்கள் கப்பலில் ஏறி நிற்கிறான். கறுப்பு மாலுமி எவன் வந்தாலும், கப்பல் திரும்பிப் போகும்வரை அவனைச் சிறையில் வைப்பது அமெரிக்காவின் இந்த சார்ல்ஸ்டன் ஊர்ச் சட்டம். சுதந்திர மனிதனின் பேச்சைக் கேட்டால் இவர்களுடைய அடிமைகள் கெட்டுப்போவார்களாம். எங்கள் கறுப்புச் சமையற்காரன் எஃப்ரைம் வெங்காயம் நறுக்கிய ஈரக் கையோடு வெளியே வருகிறான். அந்தக் கையிலேயே விலங்கு விழுகிறது. "இது இங்கிலாந்துக் கொடி பறக்கற கப்பல்யா!" என்று கேப்டன் கத்துகிறார். "கொடிய நீயே வச்சுக்க. இவன விட்டுட்டுப் போனேன்னா ஏலத்துல வித்துருவோம்," என்கிறான் ஹார்பின். வெயிலில் தார் உருகி நாறுகிறது. கீழே படகில் ஹார்பினின் அடிமை டைட்டஸ் குனிந்த தலையோடு துடுப்பைப் பிடித்திருக்கிறான். பிடரித் தழும்பின்மேல் வியர்வை மினுங்குகிறது. எஃப்ரைம் இறங்கி அவனுக்கு எதிரே உட்காருகிறான். "அவன்கிட்ட வாயத் தொறந்த, பல்லப் பேத்துருவேன்," என்று பின்னாலேயே இறங்கிய ஹார்பின் அவனை மிரட்டுகிறான். எஃப்ரைம் தலையாட்டுகிறான். படகு நகர்கிறது. அவன் அண்ணாந்து எங்களைப் பார்த்து உரக்கச் சொல்கிறான்: "கேப்டன், ஊருக்குப் போனதும் நாசோவுல என் பொண்டாட்டிகிட்ட சொல்லிருங்க! நம்ம தீவுல அடிமைன்னு ஒருத்தன்கூட இல்ல, இங்க இன்னும் இருக்காங்கன்னா அவ நம்பவே மாட்டா!" துடுப்புகள் அந்தரத்தில் நின்றுவிடுகின்றன. அவற்றிலிருந்து நீர் சொட்டுவது மேல்தளம்வரை கேட்கிறது. "வலிடா! துடுப்ப வலிடா நாயே!" என்று ஹார்பின் அலறுகிறான். டைட்டஸ் மெல்லத் தலையை நிமிர்த்துகிறான். "அண்ணே," என்கிறான் எஃப்ரைமிடம், "அந்தத் தீவு எந்தப் பக்கம்?"