ஒன்பது வாரச் சத்தம்

"ஒன்பது வாரத்துல நூத்திப் பதினாலு பதிவு! என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஆதாரத்தப் பார்த்ததே இல்லீங்க" என்றார் நகராட்சி அதிகாரி, நோட்டைப் புரட்டிக்கொண்டே.

நோட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

குடியிருப்பில் அவருக்கு அந்தப் பெயர்தான். துணை மின்நிலையத்தில் முப்பத்தொரு வருடம் பதிவேடு எழுதியவர். எத்தனை மணிக்கு எந்த மீட்டர் முள் எங்கே நின்றது, எந்த எச்சரிக்கை மணி அடித்தது, அவ்வளவுதான் எழுத வேண்டும். ஏன் என்று எழுதக் கூடாது. ஏன் என்பது இன்ஜினியர் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை.

ஓய்வு பெற்ற பிறகு மட்டும் அந்தக் கை சும்மா இருக்குமா? தண்ணீர் லாரி வந்த நேரம், லிஃப்ட் நின்ற நேரம், மாடி வீட்டு நாய் குரைத்த நேரம், எல்லாம் நோட்டில் ஏறியது. பெண்டாட்டி கொட்டாவி விட்டாலும் நிமிடம் குறிப்பார் என்று படிக்கட்டில் கேலி பேசுவார்கள்.

ஆனால் இந்த நோட்டு விளையாட்டுக்கு எழுதியதல்ல.

அவர் மனைவி இதய அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். பாவம், கொஞ்சம் கண் அசந்தால் போதும், சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரி அலறுவாள். இவள் தூக்கிவாரிப் போட்டு எழுந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். இப்படியே ஒரு நாள் போய்ச் சேர்ந்துவிடுவாளோ என்று அவர் பயந்துகொண்டே இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அக்கம்பக்கத் தொல்லைத் தடுப்புச் சட்டம் வந்தது. புகார்ப் படிவத்தில் மூன்றே கட்டங்கள்: நேரம், சத்தம், சத்தம் போட்டவர். அவருக்கென்றே அச்சடித்து வைத்ததுபோல் இருந்தது.

'காலை 7.40. அலறல், நாற்பது நொடி. பெண்.'

'மதியம் 1.15. பாத்திரம் உருளும் சத்தம், பிறகு அழுகை, ஆறு நிமிடம். பெண்.'

'மாலை 5.05. சுவரில் உள்ளங்கையால் தட்டும் சத்தம், பதினோரு முறை. பெண்.'

நூற்றுப் பதினாலிலும் பெண்தான். அவள் புருஷன் குரலை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தங்கமான பையன். படியில் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பான். அவர் மனைவியை மருத்துவமனையிலிருந்து கூட்டிவந்த அன்று நாற்காலியோடு மூன்று மாடி தூக்கி வந்தவன் அவன்தான். இப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒருத்தியா என்று இவர்கள் இருவரும் எத்தனையோ முறை பரிதாபப்பட்டிருக்கிறார்கள்.

விசாரணை மேசைக்கு எதிரே அடுத்த வீட்டுக்காரியும் புருஷனும் உட்கார்ந்திருக்க, அதிகாரி உத்தரவை வாசித்தார். இன்றிலிருந்து ஒரு வருடத்துக்கு அந்தப் பெண்ணின் குரல் வீட்டுச் சுவரைத் தாண்டக் கூடாது. மூன்று முறை தாண்டினால் அவள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

வாசித்துவிட்டு, சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா என்று அவளைக் கேட்டார்.

அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை. நோட்டுக்காரரைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"எந்த ரூம்ல இவர்கிட்ட மாட்டினாலும் உங்க சுவர்கிட்டதான் ஐயா ஓடி வருவேன். நீங்க வீட்லதான இருக்கீங்க, சத்தம் கேட்டா வந்து கதவத் தட்டுவீங்கன்னு."

நோட்டுக்காரர் மேசையில் கிடந்த நோட்டைப் பார்த்தார். பதினோரு முறை. ஒவ்வொன்றாக எண்ணினாரே! பேனாவை வைத்துவிட்டு எழுந்து நாலடி நடக்கத் தோன்றவில்லையே! தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அவளுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல சார். நான் பார்த்துக்கிறேன்" என்றான் புருஷன், பக்கத்து நாற்காலிக்கே கேட்குமோ கேட்காதோ என்ற குரலில்.

அதிகாரி தலையாட்டிவிட்டு முத்திரை குத்தினார்.

நோட்டுக்காரர் எழுந்தார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றார். அவள் ஏன் கத்தினாள் என்று விசாரியுங்கள் என்றார். அதிகாரி அவரை அனுதாபத்தோடு பார்த்தார். வயதானவர்கள் கடைசி நிமிடத்தில் இப்படித்தான் இளகிப்போவார்கள் என்பது அவர் அனுபவம்.

"முத்திரை குத்தியாச்சுங்க. வேணும்னா அந்தம்மா மேல்முறையீடு பண்ணட்டும். ஆனா உங்க நோட்ட மீறி எவனும் ஒண்ணும் செய்ய முடியாது."

அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வராந்தாவில் புருஷன் காத்திருந்தான். அவரைக் கண்டதும் வந்து, இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். உள்ளதைச் சொன்னால், மனமாரத்தான் சொன்னான். அவர் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. அவனாக விட்டதும்தான் கை திரும்பி வந்தது.

பிறகு அவன் மனைவியின் பக்கம் திரும்பி, அவள் முழங்கைக்கு மேலே பிடித்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, படி இறங்க உதவுகிறான் என்றே தோன்றும்.

அவன் விரல்கள் மெல்ல இறுகுவதை நோட்டுக்காரர் பார்த்தார்.

அவள் கண்கள் இறுக மூடின. வாய் அகலமாகத் திறந்தது.

சத்தம் வரவில்லை.