வடக்குக் கரைக்குப் போகாத படகு

"காகித ஆலைக்காரன் கூப்பிட்டதும் கிளம்பிட்டாரே உன் வீட்டுக்காரர்" என்று ஏரிக்கரையில் நின்றவர்கள் சொன்னதும், படகோட்டியின் மனைவிக்கு மானம் கப்பலேறியது. கணவர் படகேறினார்.

ஆலைக் கழிவு கலந்து ஏரியில் மீனெல்லாம் செத்து மிதக்கிறது. இறங்கினால் காலெல்லாம் அரிப்பு. புகார் எழுதி எழுதி, ஒருவழியாகத் தண்ணீரைச் சோதிக்க இன்று அதிகாரி வந்திருக்கிறார்.

ஆலை மேனேஜர் நேற்றே வீடு தேடி வந்துவிட்டார். "நேரா வடக்குக் கரைக்கு விடு. அங்கேதான் தண்ணி தெளிவா இருக்கும். நடுவுல எங்கேயும் நிறுத்தாதே."

படகோட்டி தலையாட்டினார்.

"நம்ம பொழப்பையே கெடுத்தவனுக்கா ஓட்டப் போறீங்க?" என்று அவள் கேட்டதற்கு, "யாராவது ஓட்டித்தானே ஆகணும்" என்றார்.

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

அதிகாரியையும் மேனேஜரையும் ஏற்றிக்கொண்டு படகு கிளம்பியது. கரையோரக் கழிவுக் குழாய்க்கு நேராகப் போனதும் மோட்டார் இருமியது. நின்றது.

படகோட்டி மோட்டார் மேல் கவிழ்ந்து எதையெதையோ கழற்றினார், மாட்டினார். கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். ம்ஹூம்.

அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டார். "தண்ணி ஏன் இப்படிக் கறுப்பா இருக்கு?"

"இலை ஊறின நிறம் சார்" என்றார் மேனேஜர்.

"சுத்தி ஒரு மரத்தையும் காணோமே?"

மேனேஜர் கரைப் பக்கம் திரும்பினார். "யாராவது இறங்கி வந்து தள்ளுங்கப்பா."

"நீங்களே இறங்குங்க சார். நல்ல தண்ணிதானே" என்றாள் கரையில் நின்ற படகோட்டியின் மனைவி.

மேனேஜர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினார். தண்ணீரைப் பார்த்தார். மறுபடி இறக்கிவிட்டுக்கொண்டார்.

அதிகாரி கையுறையை மாட்டிக்கொண்டு, பாட்டிலை அங்கேயே முக்கி நிரப்பினார்.

கரையிலிருந்தவர்கள் கயிறு வீசிப் படகை இழுத்தார்கள்.

"அடுத்த சோதனைக்காவது மோட்டாரைச் சரி பண்ணி வை" என்று படகோட்டியிடம் எரிந்துவிழுந்துவிட்டுப் போனார் மேனேஜர்.

"மனுஷன் கைவிட்டாலும் மோட்டார் கைவிடலை" என்று ஊரே சிரித்தது. அவளும் மோட்டாரைத் தட்டிக்கொடுத்தாள். கணவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

சாயங்காலம் துவைப்பதற்காக அவர் சட்டையை எடுத்தாள். பையில் ஏதோ கனத்தது. கையை விட்டு எடுத்தால், மோட்டாரைக் கிளப்பும் ஸ்பார்க் பிளக்.

"ஏங்க, இது..."

"மெதுவா பேசு" என்றார் அவர். "பேரு மோட்டாருக்கே இருக்கட்டும். அடுத்த சோதனைக்கும் நம்ம படகைத்தானே கூப்பிடணும்."