அரளியை வெட்டிய மருமகள்

“யாரைக் கேட்டு வெட்டுனே?”

வெளியூரிலிருந்து வந்த மகள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வாசலில் சிவப்பாகப் பூத்து நின்ற அரளி அடியோடு போயிருந்தது.

நாத்தனார் வந்தால் ஒரு விசாரணை நடப்பது அந்த வீட்டு வழக்கம்தான். இந்த முறை குற்றம் பெரியது.

“வேர் ஓடி சுவர்ல விரிசல் விட்டுடுச்சு அண்ணி” என்றாள் தம்பி மனைவி.

“சுவரா பெருசு? அந்த வேரை அரைச்சு எத்தனை கட்டிக்குப் பத்துப் போட்டிருக்கார் எங்கப்பா! எண்ணெய் காய்ச்சி எத்தனை பேர் சொறி சிரங்கை ஆத்தியிருக்கார்! விஷத்தையே மருந்தாக்குற கை அது. ‘அரளி வைத்தியர்’னுதான் ஊருக்கே அவரைத் தெரியும். அந்தப் பேரையே வெட்டிப் போட்டுட்டியே!”

மருமகள் காபி போடுவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

“திமிரைப் பார்த்தீங்களாப்பா? நீங்களும் பார்த்துக்கிட்டு சும்மாவா இருந்தீங்க?”

கட்டிலில் உட்கார்ந்திருந்த வைத்தியர், “கதவைச் சாத்திட்டு வா” என்றார்.

சாத்தினாள்.

“அந்த எண்ணெய் மேலே பூச மட்டும்தான். உள்ளே போனா உயிருக்கே ஆபத்து. அதனால, வாங்க வர்றவங்ககிட்ட எப்படிப் போடணும்னு சொல்லி, அதைத் திருப்பிச் சொல்ல வெச்சுதான் பாட்டிலைக் கையில கொடுப்பேன்.”

“தெரிஞ்ச கதைதானேப்பா.”

“போன வாரம் தையல்கடைக்காரர் வந்தார். ‘ஒரு ஸ்பூன் குடிக்கணும்’னு திருப்பிச் சொன்னார். நானும் சரின்னு தலையாட்டினேன்.”

“ஐயோ, அப்பா!”

“அப்படிச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்மா. இப்பல்லாம் ஞாபகம் பிசகுது. உள்ளேயிருந்து இவ காதுல விழுந்திருக்கு. செருப்புகூடப் போடாம தெருவுல ஓடினா. ‘எண்ணெய் கெட்டுப் போச்சு, குடுங்க’ன்னு பாட்டிலைப் பிடுங்கிட்டு வந்தா. என் தப்புன்னு அவர்கிட்டயும் சொல்லல, உன் தம்பிகிட்டயும் சொல்லல. மிச்ச எண்ணெயைக் கொட்டிட்டு, மறுநாளே செடியை வெட்டிட்டா. என்கிட்டயும் சுவர்னுதான் சொன்னா.”

வைத்தியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெருமையில் அவர் முகமே மாறியிருந்தது.

“என் மருந்தால ஒரு உயிர்கூடப் போனதில்லன்னு ஊர் சொல்லுது. இன்னிக்கும் அப்படிச் சொல்லுதுன்னா, நீ இப்ப திட்டினியே, அவளாலதான்!”