நிறுத்தச் சீட்டு

"உங்களுக்கெல்லாம் எவன்யா சூப்பர்வைசர் வேலை குடுத்தான்?" என்று கத்தினான் வக்கீல்.

அவன் நிஜ வக்கீல் அல்ல. அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பெட்டிகளை அடுக்கிக் கட்டுகிறவன். எதற்கெடுத்தாலும் பாயிண்ட் பேசுவதால் வந்த பெயர்.

ஓய்வறையில் டீ நேரம். மொத்தமே பத்து நிமிடம். எதிரே சூப்பர்வைசர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"காலைல இந்தப் பொண்ணோட சட்டைக் கை போச்சு. நாளைக்குக் கையே போகும். அப்பவும் யோசிச்சுக்கிட்டே இருப்பீங்களா?"

அந்தப் பெண் சுவரோரமாக நின்றிருந்தாள். அட்டை வெட்டும் மெஷினில் வேலை. இரண்டு பொத்தான்களை இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் கத்தி இறங்க வேண்டும். ஒரு பொத்தான் கெட்டுப் பதினோரு நாள் ஆகிறது. அதை அழுத்தியபடியே டேப் போட்டு ஒட்டிவிட்டு ஓட்டச் சொல்லிவிட்டார்கள். இன்று அவள் அட்டையை உள்ளே தள்ளும்போதே கத்தி இறங்கிவிட்டது. யூனிஃபார்ம் சட்டையின் வலது கையில் நான்கு விரல் அகலம் துண்டாகப் போயிருந்தது.

மெஷினை நிறுத்த ஒரு சீட்டு உண்டு. சூப்பர்வைசர் ஒரு கையெழுத்து, நிரந்தரத் தொழிலாளி ஒருவர் இன்னொரு கையெழுத்து. இரண்டும் விழுந்துவிட்டால், முதலாளியே வந்து நின்றாலும் பழுது பார்க்காமல் ஓட்ட முடியாது. சீட்டு இல்லாமல் மெயின் சுவிட்சைத் தொட்டால், தொட்டவருக்கு அன்றோடு வேலை போகும்.

கத்திக்குக் கீழே கையை நீட்டுகிறவள் ஒப்பந்தக்காரி. அவள் கையெழுத்து மட்டும் செல்லாது. அப்படித்தான் விதி எழுதி வைத்திருக்கிறார்கள்.

"எப்பக் கேட்டாலும் பார்க்கலாம், பார்க்கலாம். என்னத்தைப் பார்க்கிறார்? பதினோரு நாளா ஓடுற படமா?" என்றான் லாரியில் லோடு ஏற்றும் பயில்வான்.

"முதுகெலும்பு இருக்கான்னு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கப்பா" என்றார் பசை ஒட்டும் பிரிவிலிருக்கும் மாமா. எல்லோருக்கும் அவர் மாமாதான்.

இந்த ஷிப்டில் நிரந்தரத் தொழிலாளிகள் இவர்கள் மூன்றே பேர். மூன்று பேரும் சிரித்தார்கள்.

"பார்க்கலாம்பா" என்றார் சூப்பர்வைசர், மெதுவாக.

"சிரிக்காதீங்க!"

அந்தப் பெண்ணின் குரலில் அறை அடங்கியது.

"சார், அந்தச் சீட்டை எடுங்க. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லித் தொலைங்க. நான் வேற இடம் பார்த்துக்கிறேன். இந்தப் 'பார்க்கலாம்' மட்டும் வேண்டாம்."

அவர் அசையவில்லை. அவளே அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை உருவினாள். மடித்து மடித்து மடிப்பெல்லாம் நைந்திருந்தது. பிரித்துப் பார்த்தாள்.

"போட்டுட்டீங்களா?"

தேதியைப் பார்த்தாள்.

"பொத்தான் கெட்ட அன்னிக்கே போட்டிருக்கீங்களே! அப்ப ரெண்டாவது கையெழுத்து? யார்கிட்டயும் கேக்கலையா?"

சூப்பர்வைசர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "நான் சரியா கேக்கலைம்மா. தப்பு என்னோடதுதான்."

மாமாவுக்குத் தாங்கவில்லை. "என்கிட்ட கேட்டார்ம்மா. ரிட்டயர் ஆக எட்டு மாசம்தான் இருக்கு, முதலாளி பகை எதுக்குன்னு யோசிச்சுச் சொல்றேன்னேன். அதுக்குள்ள பொத்தானைச் சரி பண்ணிடுவாங்கன்னு..."

"உங்ககிட்டயும் கேட்டாரா?" பயில்வான் வாயைப் பொத்திக்கொள்வதற்குள் சொல் வெளியே வந்துவிட்டது.

இருவரும் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் மாட்டேன்னா சொன்னேன்? எல்லாக் கோணத்திலயும் பார்த்துட்டுப் போடறேன்னேன். அதுல என்ன தப்பு?" என்றான் வக்கீல். பழைய சத்தம் இல்லை.

தன்னிடம் மட்டும்தான் கேட்டார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். அது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்றுதான் ஒருவரைவிட ஒருவர் சத்தமாகத் திட்டியிருக்கிறார்கள்.

"இதை ஏன் சார் அன்னிக்கே சொல்லலை?"

"பிள்ளைகுட்டிக்காரங்கம்மா. பயந்தாங்கொள்ளின்னு ஊர் பேச நான் வழி பண்ணணுமா? எப்படியும் ஒருத்தர் மனசு மாறும்னு நினைச்சேன்."

"இவங்க மானத்தைப் பதினோரு நாள் காப்பாத்திட்டீங்க. என் கையை யார் சார் காப்பாத்துறது?"



டீ நேரம் முடிந்து மணி அடித்தது. வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டான். "இப்ப எதுக்கு அவசரம்? சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து, சாதக பாதகம் பேசி, நிதானமா ஒரு முடிவுக்கு வருவோம்."

அவள் சீட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். வேலைக்குப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

'டக்'கென்று ஒரு சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் காலையிலிருந்து ஓயாமல் இரைந்துகொண்டிருந்த மோட்டார் மெல்லத் தேய்ந்து அடங்கியது.

"ஐயையோ, மெயினையே இறக்கிட்டாளே! வேலை போச்சே!" மாமா எழுந்துவிட்டார்.

சூப்பர்வைசர் சீட்டை எடுத்து நீட்டினார். அந்த மனிதர் குரல் உயர்ந்து யாரும் அதுவரை கேட்டதில்லை. "மேனேஜர் வர்றதுக்குள்ள இன்னொரு கையெழுத்து விழுந்தா போகாது. யார் போடறீங்க?"

பதினோரு நாள் யோசித்த மூன்று பேரும், கத்தி நின்ற பிறகு, ஒரே நேரத்தில் பேனா தேடினார்கள்.