‘அப்பா’ என்றொரு ஓவியம்

அப்பாவின் துணிப்பையிலிருந்து மூட்டைக் கொக்கியின் முனை எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் ஓவியக்காரி தன் ஓவியத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

கண்காட்சிக்கு வரவே மாட்டேன் என்றவர். பத்திரிகையில் அவள் ஓவியத்தைப் பார்த்த நாளிலிருந்து அவளோடு பேச்சில்லை. குடும்ப மானத்தைச் சந்திக்கு இழுத்துவிட்டாள் என்று அண்ணனிடம் குமுறினாராம். இப்போது சலவைச் சட்டையும் விறைத்த முதுகுமாக உள்ளே வருகிறார். பின்னால் அம்மா.

எதிர்ச்சுவரில் அந்த ஓவியம். சிமென்ட் கிடங்கின் வாசலில் கூலியாட்கள், செங்கல் நிறத்தில் வானம், முழங்காலைத் தாண்டித் தொங்கும் கைகள். நடுவில் ஓர் உருவம், இடது கையில் கொக்கியோடு, மூட்டைக்கடியில் வில்லாய் வளைந்திருந்தது. தூசிக்காக முகத்தைச் சுற்றிய துணிக்குள் இரண்டு கண்கள் மட்டும் எரிந்தன. கீழே ‘அப்பா’ என்று எழுதியிருந்தது.

ஐந்து வயதில் அவளைச் சில மாதம் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். அப்போது பேருந்து சன்னல் வழியாக ஒரே ஒரு தடவை பார்த்த காட்சி அது. முகம் தெரியாவிட்டால் என்ன, அப்பாவின் நீலச் சட்டையும் அதில் குத்தியிருந்த பதினேழாம் நம்பர் வில்லையும் அவளுக்குத் தெரியாதா?

அவர் கொக்கியை வெளியே எடுத்தார். கூட்டம் விலகியது. காவலாளி ஓடி வந்தார். அம்மா இடது கையால் அப்பாவின் சட்டையை எட்டிப் பிடித்து, வீட்டுக்குப் போய்விடலாம் என்று கெஞ்சினாள்.

ஓவியக்காரி குறுக்கே போய் நின்றாள். "கிழிச்சிடாதீங்கப்பா. மூட்டை தூக்கினது அவ்வளவு கேவலமா?"

"கேவலம்னு யார் சொன்னது? முப்பது வருஷம் ஒரு நாள்கூட மட்டம் போடாதவன்னு கேடயம் கொடுத்தாங்க. ஊரைக் கூப்பிட்டுக் காட்டி மாட்டினேன்ல?" அவர் குரல் இறங்கியது. "நீ சித்தி வீட்டுல இருந்தப்போ, நாலு மாசம் நான் முதுகு ஒடிஞ்சு படுத்துக் கிடந்தேன். என் வில்லை மட்டும் தினம் வேலைக்குப் போச்சு."

திரும்பி, கொக்கியை அம்மாவின் இடது கையில் வைத்தார். மரப்பிடியில் தேய்ந்திருந்த பள்ளத்தில் அவள் கட்டைவிரல் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

"பேரை மாத்தும்மா. அது நான் இல்ல."